வினா ஆறு, விடை எட்டு: பேச்சுப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் 'வினா, விடை வகைகள்' என்று ஒரு இலக்கணப் பகுதி இருக்கிறது. வினா ஆறு வகை, விடை எட்டு வகை. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, தேர்வில் மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அத்தோடு மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பேச்சைப் பற்றிச் சொல்லித்தருகிற எல்லாவற்றிலும் உருப்படியான பகுதி அதுதான் என்பது என் எண்ணம். சில வருடங்களாக மாலை நேரங்களில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து வருகிறேன், அந்த அனுபவத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கை எப்படி அசைய வேண்டும், குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதை அந்தப் பிள்ளை முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் பாடம் நன்னூலிலிருந்து வருகிறது. பவணந்தி முனிவர் எழுதியது, 13ஆம் நூற்றாண்டு. 'அறிவு அறியாமை ஐயுறல் கொளல் கொடை ஏவல் தரும் வினா ஆறும் இழுக்கார்' என்று நூற்பா. தனக்குத் தெரிந்ததையே கேட்பது, தெரியாததைக் கேட்பது, இதுவா அதுவா என்ற சந்தேகத்தில் கேட்பது, ஒரு பொருளை வாங்குவதற்காகக் கேட்பது, கொடுப்பதற்காகக் கேட்பது, ஒருவரை ஒரு வேலையில் ஏவுவதற்காகக் கேட்பது. கவனித்துப் பார்த்தால், இந்த ஆறில் எதுவும் வாக்கியத்தின் அமைப்பைப் பற்றியது இல்லை. எல்லாம் கேட்பவரின் நோக்கத்தைப் பற்றியது. வாக்கியம் அப்படியே இருக்கும், வேலை மாறிவிடும்.

வகுப்பில் நான் எடுத்துக்கொள்கிற வாக்கியம் "பேனா இருக்கா?" என்பது. ஸ்டேஷனரி கடையில் நின்று கேட்டால் அது கொளல் வினா. தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பையனின் பேனா மக்கர் செய்வதைப் பார்த்த மேற்பார்வையாளர், பக்கத்தில் வந்து குனிந்து கேட்டால் கொடை வினா, அவர் சட்டைப் பையில் ஒன்று தயாராக இருக்கும். காலையில் பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டால் அது ஏவல், 'எடுத்து வை' என்று அர்த்தம். அப்புறம் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் கேட்கிறாரே, அதுவும் ஒரு வகையில் கொளல்தான், கொஞ்ச நேரத்துக்கு மட்டும். அவரிடம் "இருக்கு" என்று சொல்லிவிட்டு நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் இலக்கணப்படி பதில் சரி, ஆனால் மனிதர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் கேட்டது தகவல் இல்லையே.

கொடை வினாவைத் தனி வகையாகப் பிரித்துவைத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும். கொடுக்கப் போகிறவர் "இந்தா வச்சுக்கோ" என்று நீட்டாமல், "உன்கிட்ட குடை இருக்கா?" என்று முதலில் கேட்கிறார். 'இருக்கு' என்று மறுத்துவிட வாங்குபவருக்கு ஓர் இடம் விடுகிறார். கொடுப்பதில் இருக்கும் அந்த மரியாதையை ஒரு இலக்கணக்காரர் கவனித்து, பெயர் வைத்து, நூற்பாவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்.

விடைகள் இன்னும் ஆழமானவை. சுட்டு, மறை, நேர் என்பவை முதல் மூன்று. வழி எது என்றால் 'இது' என்று காட்டுவது, முடியாது என்று மறுப்பது, சரி என்று ஒப்புக்கொள்வது. மீதி ஐந்தில் கேட்டதற்கு நேரான பதில் இருக்காது, குறிப்பாகத்தான் இருக்கும், அதனால் இவை குறிப்பு விடைகள். "செய்வியா?" என்றால் "நீயே செய்" என்பது ஏவல் விடை. "வருவியா?" என்றால் "வராமல் இருப்பேனா?" என்று திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். "விளையாடலியா?" என்றால் "கால் வலிக்குது" என்று தனக்கு நேர்ந்ததைச் சொல்வது உற்றது உரைத்தல், "கால் வலிக்கும்" என்று நேரப்போவதைச் சொல்வது உறுவது கூறல். "ஆடுவியா?" என்று கேட்டால் "பாடுவேன்" என்பது இனமொழி. இந்தக் கடைசி ஐந்தையும் பற்றி நன்னூலார் போகிறபோக்கில் ஒரு தொடர் சொல்கிறார்: 'அப்பொருண்மையின் நேர்ப'. அதாவது இவையும் விடைப்பொருளைத் தருவதால் விடைகளாகவே ஏற்றுக்கொள்ளப்படும். சம்மதமோ மறுப்போ சொல்லில் நேராக இல்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது, கேட்டவருக்கும் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் இங்கிலாந்து தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டினைக் கொண்டுவர வேண்டும். 1955இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்துதான் பேச்சுச்செயல் என்று இன்று கல்லூரிகளில் படிக்கிற கோட்பாடு வளர்ந்தது. அவர் 1960இல் இறந்துபோனார், சொற்பொழிவுகள் 1962இல் நூலாக வந்தன. ஒரு பேச்சில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன என்றார்: சொற்களைச் சொல்வது, அப்படிச் சொல்வதன் மூலமாகவே செய்துவிடுகிற வேலை, அதனால் கேட்பவரிடம் நடக்கிற விளைவு. அவருக்குப் பின் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் 1975இல் எழுதிய கட்டுரையில் ஒரு எடுத்துக்காட்டு வரும். "இன்றிரவு சினிமாவுக்குப் போகலாம்" என்கிறார் ஒருவர். "பரீட்சைக்குப் படிக்க வேண்டும்" என்கிறார் மற்றவர். இது எப்படி மறுப்பாகிறது என்று சேர்ல் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், படித்தது ஞாபகம் இருந்தால், அது குறிப்பு விடை என்று உடனே சொல்லிவிடும்.

உடனே 'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது' என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. ஆஸ்டின் கேட்ட கேள்வி வேறு. சில வாக்கியங்கள் ஒன்றைப் பற்றிச் சொல்வதில்லை, அதைச் செய்தே விடுகின்றன என்பதிலிருந்து அவர் தொடங்கினார். கல்யாண மேடையில் சம்மதம் சொல்வது, பந்தயம் கட்டுவது, கப்பலுக்குப் பெயர் வைப்பது. அதற்கு யார் சொல்ல வேண்டும், எங்கே, எந்த முறையில் சொன்னால் செல்லும் என்று நிபந்தனைகளையும் அவர் ஆராய்ந்தார். வினா விடைப் பகுதியில் இதைத் தேட முடியாது.

இந்த வகைப் பேச்சுக்கு உலகத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதலே நடந்துவந்தன. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்வார்கள், மாலை மாற்றுவார்கள், வந்தவர்கள் வாழ்த்திப் பேசுவார்கள். ஆனால் 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. எத்தனை பேர் முன்னால், எவ்வளவு மனப்பூர்வமாகச் சொல்லியிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அந்த வார்த்தைகள் எதையும் செய்யவில்லை என்று ஆனது. அப்படித் திருமணம் செய்துகொண்ட எத்தனையோ பேருக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும்! அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது மற்றவர்கள் முன்னிலையில், மணமக்கள் இருவருக்கும் புரிகிற ஏதாவது ஒரு மொழியில், இவரை என் கணவராக, இவரை என் மனைவியாக ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னால் போதும், திருமணம் நடந்துவிட்டது. மாலை மாற்றுவது, மோதிரம் போடுவது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றும் போதும். அதற்கு முன்னால் அந்த முறையில் நடந்த திருமணங்களும் செல்லும் என்றும் சேர்த்தார்கள்.

'இருவருக்கும் புரிகிற மொழியில்' என்ற நிபந்தனையை நான் வகுப்பில் இரண்டு தடவை படித்துக் காட்டுவேன். வாக்குக் கொடுப்பவருக்கு, தான் கொடுக்கிற வாக்கு புரிய வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்கீழ் நடக்கிற திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்போ விழாவோ தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. மண்டபமும் மைக்கும் கூட்டமும் இல்லாவிட்டாலும் சொல்லுக்குள்ள வலிமை குறையாது.

பதவிப் பிரமாணமும் இதே வகைதான். ஒருவர் தேர்தலில் ஜெயித்திருக்கலாம், ஆனால் உறுதிமொழியை வாயால் சொல்லாமல் சட்டமன்றத்தில் போய் உறுப்பினராக உட்கார்ந்தால், வாக்களித்தால், நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று அரசியலமைப்பின் 193ஆவது பிரிவு சொல்கிறது. லட்சக்கணக்கான ஓட்டு வாங்கியவருக்கும் அந்த இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொல்லியாக வேண்டும்.

பேச்சின் விளைவையே குற்றமாக எண்ணிய வழக்கும் நம்முடையதுதான். 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். தூத்துக்குடிக் கூட்டங்களில் பேசிய பேச்சுகளின் பேரில் ராஜதுரோக வழக்கு. சிவாவுக்குப் பத்தாண்டு, வ.உ.சி.க்கு அவர் பேசியதற்கு ஒரு இருபது ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொரு இருபது ஆண்டு என்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் பின்னர் குறைந்தது. மேடையில் நின்று தமிழில் பேசுவது என்ன செய்யும் என்பதை அன்றைய ஆட்சி நன்றாகவே புரிந்துவைத்திருந்தது.

சரி, பேச்சு நடைகளுக்கு வருவோம். மார்ட்டின் ஜூஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1960களின் தொடக்கத்தில் ஐந்து நடைகளைச் சொன்னார்: மாறாத நடை, முறைசார்ந்த நடை, கலந்து பேசும் நடை, சகஜ நடை, நெருக்கமான நடை. மேலே சொன்ன கல்யாண மண்டபத்திலேயே ஐந்தையும் கேட்டுவிடலாம். உறுதிமொழியில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார்கள், அது முதலாவது. வாழ்த்துரை இரண்டாவது. சமையல் மாஸ்டரும் பெண்ணின் அப்பாவும் இரண்டாவது பந்திக்கு எத்தனை பேர், சாம்பார் போதுமா என்று ஒருவர் சொல்ல மற்றவர் "ம்... சரி... அப்போ" என்று போட்டுக்கொண்டே போகிறார்களே, அது மூன்றாவது. மாப்பிள்ளையின் நண்பர்கள் பின்வரிசையில் அடிக்கிற அரட்டை நான்காவது. மேடையில் மணமக்கள் வாயசையாமல் பேசிக்கொள்வது ஐந்தாவது, அதில் பாதி வாக்கியம்கூட வராது, வந்தாலும் மூன்றாவது ஆளுக்குப் புரியாது.

நமக்கு இதன்மேல் இன்னொன்றும் இருக்கிறது. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இப்படிப்பட்ட இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதினார், அந்த வகையில் தமிழ் இன்றும் அழுத்தமாக நிற்கிறது. மேடை ஏறுகிற தமிழர் ஒவ்வொரு நிமிடமும் எந்தத் தமிழில் பேசுவது என்று முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார். பெரியார் மணிக்கணக்கில் பேச்சுத் தமிழிலேயே பேசினார், ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாதம் செய்வதுபோல. அண்ணா அடுக்குமொழியில் பேசினார், அது ஒரு தலைமுறையின் மேடைத் தமிழையே மாற்றியது. இரண்டு பேரும் ஒரே இயக்கத்தில் ஒரே கருத்தைப் பேசியவர்கள், நடை மட்டும் நேரெதிர். இரண்டுமே கூட்டத்தை அசைத்தன. ஆகவே 'மேடைக்கு இந்தத் தமிழ்தான்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் பேச்சுப்போட்டிகளில் நடுவர்கள் பலர் ஒரு பேச்சுவழக்குச் சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள், இது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு பெண்பிள்ளை தன் பாட்டி சொன்னதைப் பாட்டியின் வாய்மொழியிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வரியில் எழுத்துத் தமிழுக்குத் திரும்புகிறாள் என்றால் அது தடுமாற்றம் இல்லை, திறமை. அதற்குக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

மேடைக்காரர்கள் வினாக்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் கவனித்துப் பாருங்கள். கிருபானந்த வாரியார் சொற்பொழிவின் நடுவில் முன்வரிசைக் குழந்தைகளைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அவருக்குத் தெரியாததா? அசல் அறிவினா அது, ஆனால் குழந்தை பதில் சொல்லும்போது தூங்கிக்கொண்டிருந்த பெரியவரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஜெயலலிதா தேர்தல் கூட்டங்களில் "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டது ஏவல் வினா. அதற்குக் கூட்டம் "செய்வோம்" என்று சொல்லும்போது அது நேர் விடையாகவும் ஒரு வாக்குறுதியாகவும் ஆகிவிடுகிறது. பொதுவாக வாக்குறுதி கொடுப்பவர் வேட்பாளர்தான். இங்கே மக்களிடமிருந்து வாக்குறுதி வாங்கப்படுகிறது. அரசியல் விருப்பு வெறுப்பைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஒரு வரியைப் படித்தால் பிள்ளைகளுக்கு நிறையப் புரியும்.

பேச்சு வகைகள் என்று கேட்டால் பார்த்துப் படிப்பது, மனப்பாடம், குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவது, திடீரென்று கூப்பிட்டதும் எழுந்து பேசுவது என்று நான்கு சொல்வார்கள். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, குறிப்பு வைத்துப் பேசுவதுதான் எனக்குப் பிடித்தது, பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் மனப்பாடம். அதைவிட நம் அழைப்பிதழ்களைப் பார்ப்பது பயன் தரும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றில் செய்ய வேண்டிய வேலை தலைப்பிலேயே இருக்கிறது. வாழ்த்துரை என்று போட்டுவிட்டு ஒருவர் அரை மணி நேரம் தன் பழைய கதையைச் சொல்லி, வாழ்த்தாமலேயே இறங்கிவிட்டால் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை என்றுதான் கணக்கு. நன்றியுரையை எப்போதும் கூட்டத்திலேயே சின்னவர் தலையில் கட்டுகிறார்கள், ஆனால் மைக்செட்காரரையும் நாற்காலி போட்டவரையும் விட்டுவிடாமல் சொல்லி முடிக்கிற பிள்ளைதான் அன்றைக்கு முழுசாக வேலை செய்த பேச்சாளர்.

இப்போது நான் கொடுக்கிற பயிற்சி. 'காமராசர் கண்ட கனவு' மாதிரியான தலைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டேன். கிராம சபையில் எழுந்து பேசு என்பதுதான் தலைப்பு. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை எழுந்து, தண்ணீர் உயிரினங்களுக்கு எவ்வளவு அவசியம், வள்ளுவர் என்ன சொன்னார் என்று ஆரம்பிக்கும். நிறுத்தச் சொல்வேன். நீ இங்கே என்ன செய்ய வந்திருக்கிறாய்? "தண்ணி வரலைன்னு சொல்ல." சொல்லிவிட்டாய், எல்லோருக்கும் அது தெரியும், அடுத்தது? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "குழாயைச் சரிபண்ணித் தரணும்" என்று வரும். எப்போது? யார்? அது தீர்மானமாக எழுதப்பட வேண்டுமா, வேண்டாமா? இப்படிக் கேட்கக் கேட்க, பத்து நிமிட உரை மூன்று வாக்கியமாகச் சுருங்கும். "எங்கள் தெருக்குழாயில் இரண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை. இந்த மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானம் போடும்படி கேட்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதும் படித்துக் காட்டுங்கள்." இதுதான் நல்ல பேச்சு.

அடுத்து எதிரில் ஒருவரை அதிகாரியாக உட்காரவைப்போம். அவர் பதில்களை எட்டு வகையில் எதையாவது ஒன்றாகச் சொல்ல வேண்டும். "மேலே எழுதியிருக்கோம்" என்றால் உற்றது உரைத்தல். "இப்போ தோண்டினா ரோடு கெட்டுப்போகும்" என்றால் உறுவது கூறல். "எங்களுக்கு அக்கறை இல்லையா என்ன?" என்றால் வினா எதிர் வினாதல். "நீங்க பிடிஓ ஆபீஸ்ல மனு கொடுங்க" என்றால் ஏவல். "குளம் தூர்வாரப் போறோம்" என்றால் இனமொழி. வீட்டில், உறவில், இந்த ஐந்து விடைகளும் அருமையானவை. கல்யாணத்துக்கு வர முடியாதவர் "அன்னைக்குப் பொண்ணுக்குப் பரீட்சை" என்று சொல்வதில் எவ்வளவு பக்குவம் இருக்கிறது, கூப்பிட்டவர் முகம் சுண்டாமல் பார்த்துக்கொள்கிற பக்குவம். அதே விடைகள் பொதுச் சபையில் வந்தால் ஊருக்கு நஷ்டம். அங்கே முதல் மூன்றில் ஒன்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும். "சரிங்க ஐயா, அப்போ தீர்மானம் போடுறீங்களா, இல்லையா?" என்று பணிவாக, குரல் உயர்த்தாமல், மறுபடியும் மறுபடியும் கேட்கிற அந்தப் பயிற்சிக்கு நான் நிறைய நேரம் கொடுக்கிறேன். இல்லை என்றாலும் பரவாயில்லை, மறை விடையும் தெளிவான விடைதான், அதை வைத்துக்கொண்டு அடுத்த படியில் இருப்பவரிடம் போகலாம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள்தான் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கைதட்டல் தேவைப்படுவதில்லை.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் கிராம சபை உறுப்பினர்கள் இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அங்கே இடம். ஆனாலும் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாமே. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பெரியவர்களோடு போகச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு நோட்டு, பக்கத்தின் இடப்புறம் ஆறு கட்டம், வலப்புறம் எட்டு கட்டம். யார் எந்த வினா கேட்டார்கள், எந்த விடை கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டுக்கொண்டு வர வேண்டும். உங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அனுப்பிப் பாருங்கள், வலப்புறத்தில் எந்தக் கட்டம் நிறைந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.